கொட்டாங்குச்சியில் பாகு

ஒருத்தி தன் முகத்தில் இருப்பதைப் பிறர் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டால், அதனால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? யாருக்கும் ஒன்றும் கெடாது என்றுதான் கேட்டவுடன் பதில் வரும். சென்னியம்மாளும் கல்யாணமாகி இருபது வருஷம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தாள். அவள் எண்ணியது தப்பென்று சட்டெனச் சொல்லிவிட முடியவில்லை. சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே, ராஜவாய்க்கால் பாயும் கரும்புக்காட்டு ஊர்களில் ஒன்றில் அவள் பிறந்தாள். அதே வாய்க்காலில் இன்னும் கொஞ்சம் கீழே இருந்த ஊருக்கு வாக்கப்பட்டாள். இரண்டு வீட்டிலும் சொந்த ஆலை. மார்கழி பிறந்துவிட்டால் மாடுகள் சுற்றும், இரும்பு உருளைகளுக்கு நடுவே கரும்பு நசுங்கும், பெரிய கொப்பரையில் சாறு நாளெல்லாம் கொதிக்கும். வெல்லமாக இறுகும் முன்னால் பாகுக்கு ஓர் இளம்பதம் உண்டு. கரும்புச் சக்கையை அதில் தோய்த்து எடுத்து, ஊதி ஊதி இழுத்துத் தின்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை.

அப்படித் தின்றுகொண்டிருந்த ஒரு நாள், சிறுமியாக இருந்த சென்னியம்மாளின் முன்கையில் பாகு ஒழுகி ஒட்டிக்கொண்டது. ஆறியபின் பிய்த்தாள். சுரீரென்றது. பாகோடு கையிலிருந்த பூனைமயிரும் வந்துவிட்டது. அந்த இடம் மட்டும் பூசணிப் பிஞ்சின் தோல் மாதிரி வழவழப்பாக இருந்தது. அப்போது அது அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வயதுக்கு வந்தபின் மேலுதட்டிலும், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் மயிர் கறுத்துத் தெரியத் தொடங்கியது. கோரைக்கிழங்கையும் மஞ்சளையும் இழைத்துப் பூசிப் பார்த்தாள். மற்ற பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. அப்போதுதான் பாகு ஞாபகம் வந்தது. வெறும் வெல்லத்தைக் காய்ச்சினால் ஆறும்போது மணல்மணலாக உடைந்துபோயிற்று. எலுமிச்சை பிழிந்து காய்ச்சினால் பிசின் மாதிரி இழைந்து நின்றது. இரும்புக் கரண்டியில் கொஞ்சமாகக் காய்ச்சி, ஆறவிட்டு, கட்டைவிரலால் தாடையில் இழுத்துத் தேய்த்து, ஒரே இழுப்பில் பறித்தாள். கண்ணில் நீர் வந்தது. முகம் சுத்தமாயிற்று. அந்த முகத்தைத்தான் செங்கோட்டையன் வீட்டார் வந்து பார்த்தார்கள், பிடித்துப்போய் நிச்சயம் செய்தார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டையனின் அக்காள் முத்தாயம்மாள் உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். தம்பி வீட்டு அடுப்படியில் பாதி நேரம் இருப்பவள். சந்தையில் தயிர் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவள் பேச்செடுத்தாள்.

"அவளுக்கும் அவ புருசனுக்கும் சண்டை வந்தா, யாரு முதல்ல மீசைய முறுக்குவாங்கன்னு தெரியலயே."

செங்கோட்டையன் சிரித்தார். "சவரம் பண்ணறவரு வந்தா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கலாம், விடு."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியம்மாளும் சிரித்தாள். யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. அன்று சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். பின்னால் சொல்வதற்கு ஒரு வழி திறந்திருக்கும். சிரித்துவிட்டதால், அதன்பிறகு சொல்வதென்றால் அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே மறைத்தாள். வீட்டார் காட்டுக்குப் போன நேரத்தில் கரண்டியை அடுப்பில் வைப்பாள். பிறகு மாட்டுக் கொட்டாயில் போய், கண்ணாடி இல்லாமல், விரலால் தடவிப் பார்த்தே எடுப்பாள். மயிர் ஒட்டிய பாகை அடுப்பில் போட்டுவிடுவாள். கருகல் வாசனையோடு முத்தாயம்மாள் எதிரே வந்தால், "வெல்லம் அடிப்பிடிச்சிருச்சுங்க நங்கை" என்பாள்.

"ஆலைக்காரன் மக. வெல்லம் காச்சத் தெரியல" என்று முத்தாயம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் அந்தப் பேரைச் சென்னியம்மாள் சுமந்தாள். முகம் சிவந்திருப்பதைக் கண்டு செங்கோட்டையன் எப்போதாவது கேட்டால், வெயில் என்பாள். அவர் மேலே கேட்கிறவர் அல்ல.

அவர்களுக்கு ஒரே மகள், தெய்வநாயகி. அவளுக்கும் தாயின் முகவாகு அப்படியே வாய்த்தது. பருவம் வந்ததும் அதே இடங்களில் அதே மயிர் வந்தது. சென்னியம்மாள் அவளையும் மாட்டுக் கொட்டாய்க்குக் கூட்டிப்போனாள்.

"இதுக்கு எதுக்கு ஆத்தா இங்க வரோணும்? வாசல்லயே உக்காந்து எடுக்கலாமே. தலை சீவறதில்லையா?"

"வாய மூடு."

"வாய மூடிட்டா ஒதட்டுல எப்படி எடுப்பே?"

சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு அது ஒரு வேலை மட்டும்தான் என்பதும், தனக்கு அது வேறு என்னவோ ஆகிவிட்டது என்பதும் அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெய்வநாயகிக்குப் பதினெட்டு வயதானபோது மோகனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் சின்னுசாமி. நாமக்கல்லில் பள்ளிக்கூடம் முடித்தவன், தகப்பனோடு சேர்ந்து வாழைத்தோட்டம் பார்க்கிறவன். கபிலர்மலைத் தேரின்போது இரண்டு குடும்பமும் எதிர்ப்பட்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் தெய்வநாயகி தாயிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவரு சிரிச்சா வாய் ஒரு பக்கம் கோணுது ஆத்தா." குறை சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை.

பெண் பார்க்க அவர்கள் வருவதாக இருந்ததற்கு முந்தின நாள், முத்தாயம்மாள் விடிந்ததும் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். அதிரசம் ஓர் அடுப்பில், முறுக்கு ஓர் அடுப்பில். கரண்டியை வைக்க இடமில்லை. இடமிருந்தாலும் வைக்க முடியாது. மகளின் தாடையில் மயிர் தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆலை ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. சென்னியம்மாள் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். "புள்ளை திங்கோணுங்கறா" என்று சொல்லிக் கொப்பரையிலிருந்து இளம்பாகு வாங்கினாள். எலுமிச்சையைப் பிழிந்து கலக்கிக்கொண்டே மாட்டுக் கொட்டாய்க்கு விரைந்தாள். கரண்டியில் காய்ச்சும் பாகு கொஞ்சம்தான். கொட்டாய்க்குக் கொண்டுபோய் உட்காருவதற்குள் முழுதும் ஆறிவிடும். கொட்டாங்குச்சிப் பாகு நிறைய. மேலே ஏடு படிந்து ஆறினதுபோல இருந்தாலும், அடியில் கொப்பரையின் கொதிப்பு அப்படியே இருந்தது.

அவள் தொட்டுப் பார்க்காமல் இல்லை. விரலை உள்ளே விட்டுத்தான் பார்த்தாள். ஆனால் அது எத்தனையோ ஆலைக்காலம் சுடச்சுட வெல்லம் உருண்டை பிடித்த கை. உள்ளங்கையும் விரல்நுனியும் காய்த்துத் தோலாகிப்போன கை. ஆலை வீட்டுப் பெண்கள் எல்லோருடைய கையும் அப்படித்தான். அந்தக் கை, ஆறிவிட்டது என்று சொல்லிற்று. அவள் நம்பினாள். பாகை அள்ளி, மகளின் காதோரத்திலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாகத் தேய்த்தாள்.

தெய்வநாயகி கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துத் தாயின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சென்னியம்மாளுக்கு அப்போதும் புரியவில்லை. வலி தாங்காமல் பிடிக்கிறாள் என்று எண்ணி வழக்கம்போல வெடுக்கென்று பறித்தாள். பாகோடு தோலும் வந்தது.

சோற்றுக்கத்தாழை வைத்தாள். எண்ணெய் வைத்தாள். இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு சிவந்து, கொப்புளித்து, சாயங்காலத்துக்குள் கறுத்தது. வருகிறவர்களை நிறுத்தினால் அதுவே அபசகுனம் என்று போய்விடும். ஆலையில் பாகு தெறித்துவிட்டது என்று வீட்டில் சொன்னாள். செங்கோட்டையன் நம்பினார். முத்தாயம்மாளும் நம்பி, "இன்னிக்குப் பாத்தா இவளை ஆலைக்கு உடுவே?" என்று திட்டினாள்.

மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். பையனின் தகப்பனார் சென்னியப்பன், அவருடைய அக்காள் கந்தம்மாள், இன்னும் சில பங்காளிகள். பையன் வரவில்லை. தெய்வநாயகி கன்னம் நிறைய மஞ்சள் பூசி வந்து, கும்பிட்டுவிட்டு நின்றாள். கந்தம்மாள் பக்கத்தில் அழைத்து, முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்ன சாமி இது, கன்னத்துல?"

"ஆலையில நின்னாளுங்க" என்றாள் சென்னியம்மாள். "பாகு தெறிச்சிருச்சுங்க."

"எங்கூட்டுலயும் ஆலை ஓடுது அம்மிணி. பாகு தெறிச்சாப் புள்ளி புள்ளியா உழுகும். இது கோடு கிழிச்சாப்பல இருக்குது."

வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு மஞ்சள்கிழங்கையோ கம்பியையோ காய்ச்சிச் சூடு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தச் சூடு கோடாகத்தான் விழும். அங்கே இருந்த எல்லோரும் அப்படி ஒரு கோட்டை யாராவது ஒரு குழந்தையின் உடம்பில் பார்த்தவர்கள்.

செங்கோட்டையனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்றார். "கொலதெய்வத்து மேல ஆணையா, என்ற புள்ளைக்கு ஒரு சீக்கும் இல்லீங்க." அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் மனைவி சொன்னது பொய்யென்று பட்டுவிட்டதால், அவருடைய உண்மையும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது.

"வலிப்பு வாரது தப்பில்லீங்க" என்றாள் கந்தம்மாள். குரலில் கோபமில்லை. "யாருக்கு வேணா வரும். மறைக்கறதுதான் தப்பு."

"சரி அக்கா, மோரைக் குடி" என்றார் சென்னியப்பன்.

சென்னியம்மாளின் கையில் மோர்ச் சொம்பு இருந்தது. மயிர் எடுக்கப் போட்ட பாகு சுட்டுவிட்டது என்று சொன்னால் போதும். சொன்னால் மகளின் முகத்தில் மயிர் இருப்பது தெரியும். எனக்கும் உண்டு என்று காட்டினால்தான் நம்புவார்கள். அந்தப் பக்கத்தில் முத்தாயம்மாள் நிற்கிறாள், இந்தப் பக்கத்தில் செங்கோட்டையன் நிற்கிறார். தெய்வநாயகி நிமிர்ந்து தாயை ஒரு தடவை பார்த்தாள். சென்னியம்மாள் கந்தம்மாளின் தம்ளரில் மோரை ஊற்றினாள்.

கிளம்பும்போது சென்னியப்பன் 'வாரோம்' என்று சொல்லவில்லை. "பாக்கலாமுங்க" என்றார்.

வாய்க்கால் நெடுக அந்தப் பேச்சு போயிற்று. வேறு இரண்டு இடத்திலிருந்து வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அதைவிட, வீட்டுக்குள்ளேயே ஒன்று நடந்தது. செங்கோட்டையனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாம புள்ளைக்குச் சூடு போட்டயா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இல்லீங்க."

"பின்னே அது எப்படிக் கோடாட்ட உழுந்துச்சு?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தெய்வநாயகி வாய்க்காலுக்குத் தனியாகப் போகக் கூடாது, கிணற்றில் இறங்கக் கூடாது, அடுப்பின் முன்னால் தனியாக உட்காரக் கூடாது. அவர் கொடுமைக்காரர் அல்ல. மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் காவல் அவ்வளவு கடுமையாக இருந்தது.

"நீ சொல்லு ஆத்தா" என்றாள் தெய்வநாயகி. "நான் சொன்னா, வலிப்புக்காரி சாக்குச் சொல்றாம்பாங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

"ஆலை முடியட்டும் சாமி."

ஆலை முடிந்தது. ஒரு நாள், மோகனூருக்குப் போய் வருகிறேன் என்று சென்னியம்மாள் கிளம்பினாள். பரமத்தி வேலூர் வரை போனாள். அங்கே சந்தையில் ஒரு முறம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். புது முறத்தைத் தெய்வநாயகிதான் கையில் வாங்கி உள்ளே வைத்தாள். போன காரியம் என்னாயிற்று என்று அவள் கேட்கவில்லை. அந்த வைகாசியில் சின்னுசாமிக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று.

இதில் யார்மேல் குற்றம் வைப்பது? கந்தம்மாள் கண்ணில் கண்டதை வைத்துச் சொன்னாள். செங்கோட்டையன் தெரிந்ததைச் சொன்னார். சென்னியம்மாள் மறைத்தது மற்றவர்கள் பெரிதாக எண்ணக்கூடிய விஷயமா என்றுகூடத் தெரியாது. சொல்லியிருந்தால் ஒருவேளை நாலு நாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். சின்ன விஷயம்தான். இருபது வருஷம் மறைத்து வைத்ததில் அது அவளைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஆற்றுக்கு அக்கரையில் கொடுமுடிப் பக்கத்திலிருந்து தங்கசாமி என்பவருக்குக் கேட்டு வந்தார்கள். மனைவியை இழந்தவர், ஒரு கைக்குழந்தை வேறு. "வலிப்பு இருந்தாலும் பரவாயில்லீங்க, என்ற குழந்தைய அன்பாப் பாத்துக்கிட்டாச் சரி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். செங்கோட்டையன் கைகூப்பி நன்றி சொல்லி, வெற்றிலை மாற்றிக்கொண்டார். சம்மதமா என்று அவர் கேட்டபோது தெய்வநாயகி, "சரிங்க அய்யா" என்றாள். மாசியில் கல்யாணம்.

அந்த மார்கழியில் ஆலை தொடங்கியது. சென்னியம்மாள் எலுமிச்சை பறிக்கவில்லை, கரண்டியை அடுப்பில் வைக்கவில்லை. தை பிறக்கும்போது அவள் மேலுதட்டிலும் தாடையிலும் மயிர் கறுத்து வளர்ந்திருந்தது. இடையிடையே நரையும் இருந்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை. சந்தைக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள்.

முத்தாயம்மாள்தான் முதலில் கேட்டாள். "என்ன புள்ள இது, மொகத்துல?"

"மயிருங்க நங்கை."

"அது தெரியுது. எப்ப வந்துச்சு?"

"எப்பவும் இருந்ததுதானுங்க."

முத்தாயம்மாள் வாயைத் திறந்தாள். எதுவும் பேசாமல் மூடிக்கொண்டாள். அப்படி அவள் மூடிக்கொண்டதை அந்த வீட்டார் அதற்குமுன் பார்த்ததில்லை.

செங்கோட்டையன் சில நாள் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு, "அப்ப, புள்ளை கன்னத்துல அந்தக் கோடு..." என்று தொடங்கினார். சென்னியம்மாள் ரசம் ஊற்றினாள். அவர் முடிக்கவில்லை. மறுநாள் தெய்வநாயகி தனியாக வாய்க்காலுக்குப் போனபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் வெற்றிலை மாற்றியாகிவிட்டது. கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்குகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் என்ற முறையில், கல்யாணத்துக்கு ஒறம்பரையாகக் கந்தம்மாளும் வந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு சென்னியம்மாள் எதிரே வந்து நின்றபோது, அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மணவறையில் இருந்த மகளைப் பார்த்தாள். தாயின் தாடையில் எந்த வழியாக மயிர் இறங்கியதோ, மகளின் கன்னத்தில் அதே வழியாகத்தான் கோடும் இறங்கியிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மிணி" என்றாள் கந்தம்மாள், மெதுவாக. "நானும் ஒரு மகளைப் பெத்தவதானே."

சென்னியம்மாள் சந்தனத்தை நீட்டினாள். கந்தம்மாள் தொட்டுக்கொண்டாள்.

துணிச்சல்காரி என்று பிற்பாடு சிலர் அவளைப் பற்றிச் சொன்னார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. துணிச்சல் வேண்டியிருந்த நாள் ஒன்றுதான். அன்று அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மகளின் பேரில் விழுந்த பழியைத் துடைக்கத்தான் முகத்தை அப்படி விட்டாள் என்றால், கல்யாணத்தோடு அந்தக் காரியம் முடிந்துவிட்டது. ஊருக்கும் தெரிந்தாயிற்று, மாப்பிள்ளைக்கும் தெரிந்தாயிற்று. தெய்வநாயகியே புகுந்த வீட்டுக்குப் போன ஒரு வாரத்துக்குள் தங்கசாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டாராம். அதைத் தாயிடம் சொன்னபோது தெய்வநாயகி சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. அதன்பிறகும் அவள் முகத்து மயிரை எடுக்கவில்லை.

உலக யுத்தம் முடிந்த வருஷம், ஆலைக்காலத்தில், தெய்வநாயகி பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். மூத்தாளின் குழந்தை இப்போது நடந்து திரியும் சிறுமி. தெய்வநாயகியின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. வாசலில், எல்லோர் பார்வையிலும், கொட்டாங்குச்சியில் நன்றாக ஆறவைத்த பாகோடு தெய்வநாயகி உட்கார்ந்தாள். தன் முகத்துக்கு எடுத்து முடித்தபின் மிச்சத்தைத் தாயின் பக்கம் நகர்த்தினாள். கன்னத்துக் கோடு வெளுத்துப்போயிருந்தது, மறையவில்லை.

"உக்காரு ஆத்தா. நான் எடுத்துடறேன். இனி இதைக் காட்டி யாருக்குத் தெரியோணும்?"

சென்னியம்மாள் கொட்டாங்குச்சியைக் கையில் வாங்கினாள். விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு சக்கையின் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தன் கீழுதட்டில் வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு குழந்தையைக் கூப்பிட்டு, "ஆறிப்போச்சு, தின்னு சாமி" என்று சக்கையையும் கொட்டாங்குச்சியையும் அதன் கையிலேயே கொடுத்துவிட்டு, உருண்டை பிடிக்க ஆலைக்குப் போனாள்.